ஆஞ்சியோவா, சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா? சாயத்தால் மூளைக்கு வரும் அபூர்வச் சிக்கல்களை வைத்து ஓர் ஒப்பீடு

நெஞ்சுவலிக்காக மருத்துவரைப் பார்க்கப் போனால், "எதற்கும் ஒரு ஆஞ்சியோ எடுத்துப் பார்த்துவிடலாம்" என்கிறார். இதய நாளங்களுக்குள் குழாய் வழியாகச் சாயம் ஏற்றி, எக்ஸ்-ரே படத்தில் அடைப்பைத் தேடும் சோதனை அது. வீட்டுக்கு வந்ததும் தெரிந்தவர் ஒருவர், "சாயம் மூளைக்குப் போய் ஒருத்தருக்குக் கண்ணே தெரியாமல் போயிடுச்சாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அன்று ராத்திரி தூக்கம் போய்விடுகிறது. ஆஞ்சியோ வேண்டாம், சி.டி. எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லலாமா? எம்.ஆர்.ஐ. பாதுகாப்பானதா? சாயமே இல்லாமல் இதயத்தைப் பார்க்க வழி இல்லையா? இந்த இடத்தில் சிக்கிக்கொண்டு நிற்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

அந்தத் தெரிந்தவர் சொன்னது பொய்யில்லை. அப்படி நடப்பதுண்டு. ஆனால் யாருக்கு, எதனால், எவ்வளவு அபூர்வமாக என்று தெரியாமல் அந்த ஒரு பயத்தை மட்டும் வைத்து முடிவெடுத்தால், சின்ன அபாயத்திலிருந்து தப்பிக்கப் போய்ப் பெரிய அபாயத்தில் மாட்டிக்கொள்வோம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கிறது, இ.சி.ஜி.யில் அது தெரிகிறது என்றால் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. அப்போது ஆஞ்சியோ செய்து அடைப்பைத் திறப்பதுதான் வழி. சாயத்துக்குப் பயந்து ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டாலும் அந்த ஒரு மணி நேரத்தில் இதயத்தசை செத்துக்கொண்டிருக்கும். இனி வருவதெல்லாம் யோசிக்க அவகாசம் இருப்பவர்களுக்கு. அடைப்பு இருந்தும் நிலைமை சீராக இருப்பவர்களுக்கு அந்த அவகாசம் பெரும்பாலும் உண்டு. 2020-இல் வெளியான இஸ்கீமியா என்ற பெரிய ஆய்வில் 5,179 பேர் சேர்ந்திருந்தார்கள். நிலைமை சீராக இருந்தவர்களை உடனே ஆஞ்சியோவுக்கு அழைத்துப்போனதால் உயிரிழப்போ மாரடைப்போ குறைந்துவிடவில்லை. இதயத்தின் இடது பிரதான நாளத்தில் பெரிய அடைப்பு இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

## மூளையில் என்னதான் நடக்கிறது?

இரண்டு வெவ்வேறு சிக்கல்களைப் பலரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் எந்தச் சோதனையில் எந்த அபாயம் என்பது புரியும்.

முதலாவது, சாயத்தாலேயே வருவது. கான்ட்ராஸ்ட் என்செஃபலோபதி என்று பெயர். ரத்தத்துக்கும் மூளைத் திசுவுக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. ஆஞ்சியோவிலும் சி.டி.யிலும் பயன்படும் அயோடின் சாயம் சாதாரணமாக அதைத் தாண்டுவதில்லை. செறிவான சாயம் ஒரே நேரத்தில் நிறையப் போய்ச் சேர்ந்தாலோ, நெடுநாள் ரத்த அழுத்தத்தாலோ பழைய பக்கவாதத்தாலோ அந்தத் தடுப்பு முன்பே தளர்ந்திருந்தாலோ, சாயம் கசிந்து உள்ளே போகிறது. அந்த இடம் வீங்குகிறது, நரம்புச் செல்கள் தாறுமாறாகத் தூண்டப்படுகின்றன. தலையின் பின்பக்கம் இருக்கும் பார்வைக்கான பகுதிதான் இதற்கு அதிகம் ஆளாகிறது.

அது எப்படி இருக்கும் தெரியுமா? மேஜையில் படுத்திருப்பவர் திடீரென்று, "ஏன் லைட்டை அணைச்சிட்டீங்க?" என்று கேட்பார். விளக்கெல்லாம் எரிந்துகொண்டுதான் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணின் பாவை வழக்கம்போலச் சுருங்கும். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. கண் அனுப்பும் காட்சியைப் படிக்க வேண்டிய மூளைப் பகுதி தற்காலிகமாக வேலைநிறுத்தம் செய்திருக்கிறது. இதய ஆஞ்சியோவுக்குப் பிறகு இப்படித் தற்காலிகமாகப் பார்வை போனதை 1970-லேயே ஒரு நரம்பியல் இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். இன்னும் சிலருக்கு மனக்குழப்பம், வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் வலுவிழப்பு என்று வேறு வடிவங்களில் வரலாம். சாயம் ஏற்றிய சில நிமிடங்களில் இருந்து சில மணி நேரத்துக்குள் தொடங்கும். பெரும்பாலானவர்கள் ஒன்றிரண்டு நாளில், அதிகம் போனால் மூன்று நாளில், முழுதாகத் தேறிவிடுகிறார்கள். நிரந்தரக் குறையும் உயிரிழப்பும் பதிவாகியிருக்கின்றன என்றாலும் அவை அபூர்வத்திலும் அபூர்வம். எத்தனை பேருக்கு வருகிறது என்ற கணக்கு ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. இன்றைய சாயங்களை வைத்துப் பார்த்தால் பெரும்பாலான கணக்குகள் நூறில் ஒருவருக்கும் கீழேதான் நிற்கின்றன.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. உடனே தலைக்கு சி.டி. எடுத்தால், மூளை மடிப்புகளுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று தெரியும். ரத்தக்கசிவும் சி.டி.யில் வெள்ளையாகத்தான் தெரியும். பார்த்த மாத்திரத்தில் மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்று பதறிப்போவார்கள். ஆனால் சாயத்தின் அடர்த்தி எண் பொதுவாக ரத்தத்தைவிடக் கூடுதலாக இருக்கும். இரட்டை ஆற்றல் சி.டி. இருந்தால் இரண்டையும் தெளிவாகப் பிரித்துவிடலாம். இல்லாவிட்டால் ஒரு நாள் கழித்து மறுபடி எடுக்கும் படம் பெரும்பாலும் சொல்லிவிடும்: சாயம் அதற்குள் வடிந்திருக்கும், ரத்தம் அவ்வளவு சீக்கிரம் மறையாது.

இரண்டாவது சிக்கல் பக்கவாதம். இதற்குக் காரணம் சாயம் இல்லை, ஆஞ்சியோவுக்காகத் தமனிக்குள் செலுத்தும் மெல்லிய வடிகுழாய். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய நாளமான மகாதமனியின் உட்சுவரில் படிந்திருக்கும் கொழுப்பையும் சுண்ணத்தையும் குழாயின் முனை உரசி ஒரு துணுக்கைப் பெயர்க்கலாம். குழாய் முனையில் ரத்தம் உறைந்து கட்டியாகலாம். ஒரு காற்றுக்குமிழி உள்ளே போகலாம். இவற்றில் எது கிளம்பிப் போனாலும் மூளை நாளத்தை அடைத்துவிட முடியும். நோயறிவதற்கு மட்டும் செய்யும் ஆஞ்சியோவில் இது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு, அல்லது அதற்கும் குறைவாக நடக்கிறது. அடைப்பைத் திறந்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைக்கும்போது ஆயிரத்தில் இரண்டு முதல் நான்கு பேர் வரை.

என் கருத்தைக் கேட்டால், ஜனங்கள் சாயத்துக்குப் பயப்படும் அளவுக்கு வடிகுழாய்க்குப் பயப்படுவதில்லை, உண்மையில் கவனிக்க வேண்டியது பின்னதைத்தான். சாயத்தால் வருவது பெரும்பாலும் தானே சரியாகிவிடுகிறது. பக்கவாதம் அப்படி இல்லை.

## எவற்றை வைத்து எடை போடுவது?

சோதனைகளை வரிசையாகப் பார்க்குமுன் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன்.

முக்கியமானது, சாயம் எந்த வழியாகப் போகிறது என்பது. கையில் உள்ள சிரை வழியாக ஏற்றினால் அது இதயத்தின் வலப்பக்கம், நுரையீரல், இடப்பக்கம் என்று சுற்றி, ரத்தத்தோடு நன்றாகக் கலந்து நீர்த்த பிறகுதான் மூளைக்குப் போகும். தமனிக்குள், அதுவும் கழுத்து நாளங்கள் பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் ஏற்றினால், கலப்பதற்கு நேரமே இல்லாமல் போகும். அடுத்தது எவ்வளவு சாயம், என்ன வகை என்பது. மூன்றாவது சிறுநீரகம். அது மெதுவாக வேலை செய்தால் சாயம் உடம்பில் அதிக நேரம் தங்கும். நான்காவது, நம் கேள்விக்கு அந்தச் சோதனையால் பதில் கிடைக்குமா என்பது. பதில் கிடைக்காத சோதனை எவ்வளவு பாதுகாப்பாக இருந்தாலும், அடுத்து இன்னொரு சோதனைக்குத்தான் அனுப்பும். கடைசியாக, யாரும் சொல்லாத விலை: கதிர்வீச்சு, இதயத்தைத் தூண்டக் கொடுக்கும் மருந்து, இரண்டாவது முறை போக வேண்டிய நிலை.

சாயத்தின் வகை பற்றி ஒரு வார்த்தை. ஒரு திரவத்தில் எவ்வளவு துகள்கள் கரைந்திருக்கின்றன என்பதைச் சொல்லும் அளவு சவ்வூடு செறிவு. ரத்தத்தில் அது சுமார் 290. பழைய காலத்து அயனிச் சாயங்களில் அது 1,500-ஐத் தாண்டியது, மூளைச் சிக்கல்களும் அப்போது அதிகம். இன்று பரவலாகப் பயன்படும் ஐயோஹெக்சால், ஐயோபமிடால் போன்றவற்றில் 600 முதல் 850 வரை. ஐயோடிக்சனாலில் ரத்தத்துக்குச் சமம். அப்படியானால் ஐயோடிக்சனால் போட்டால் பயமே இல்லையா? அப்படிச் சொல்ல முடியாது. எல்லா வகைச் சாயத்துக்குப் பிறகும் இந்தச் சிக்கல் பதிவாகியிருக்கிறது. சாயத்தின் பெயரைவிட அளவும் வழியும் முக்கியம்.

## வடிகுழாய் ஆஞ்சியோகிராம்

மணிக்கட்டிலோ தொடையிலோ உள்ள தமனி வழியாகக் குழாயை இதய நாளத்தின் வாசல்வரை கொண்டுபோய், அங்கேயே சாயத்தைப் பீய்ச்சுவது. நோயறிய மட்டும் என்றால் பெரும்பாலும் 30 முதல் 80 மில்லி. ஸ்டென்ட்டும் வைத்தால் 100, 200 என்று ஏறிவிடும்.

இதய நாளத்துக்குள் போகும் சாயம் இதயத்தசையைச் சுற்றி நுரையீரலுக்குப் போய்த்தான் வருகிறது. ஆனால் ஒவ்வொரு முறை பீய்ச்சும்போதும் கொஞ்சம் பின்வாங்கி மகாதமனிக்குள் வழிகிறது. அது நேராகக் கழுத்து நாளங்களுக்குப் போய்விடும். இடது கீழறைக்குள் சாயத்தை ஏற்றிப் படம் எடுத்தால், ஒரே மூச்சில் 30, 40 மில்லி மகாதமனி வழியாக மேலேறுகிறது. பைபாஸ் செய்தவர்களுக்கு நிலைமை இன்னும் நுணுக்கமானது. மார்புச் சுவரிலிருந்து எடுத்துப் பொருத்திய நாளத்தைப் பார்க்கத் தோள்பட்டைத் தமனியில் சாயம் ஏற்ற வேண்டும். மூளையின் பின்பகுதிக்குப் போகும் முதுகெலும்புத் தமனி அதற்கு மிக அருகில்தான் பிரிகிறது. பார்வைப் பகுதி பாதிக்கப்பட்டவர்கள் பற்றிய பதிவுகளில் பைபாஸ் செய்தவர்கள் அடிக்கடி தென்படுவதற்கு இது ஒரு காரணம்.

மூளைக்கு வரும் இரண்டு அபாயங்களும் சேர்ந்தே இருக்கும் ஒரே சோதனை இதுதான். கதிர்வீச்சு சுமார் 5 முதல் 7 மில்லிசீவர்ட். இயற்கையாகவே ஓர் ஆண்டில் நம் உடம்பில் படுவது சராசரியாக 2.4 என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தமனியில் துளை போட்ட இடத்தில் ரத்தம் கட்டுவதும் உண்டு. தொடையில் பெரிதாகக் கட்டினால் அங்குள்ள நரம்பு அழுந்திக் காலில் மரத்துப்போகும், முழங்கால் மடங்கும். அதுவும் நரம்புச் சிக்கல்தான், ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இத்தனையும் சொன்ன பிறகும், அடைப்பைத் துல்லியமாகப் பார்த்து அதே இடத்தில் சரியும் செய்யக்கூடியது இது ஒன்றுதான். நடந்தாலே நெஞ்சை அடைக்கிறது, மருந்துக்கும் கேட்கவில்லை, மற்ற சோதனைகளும் பெரிய அடைப்பு என்று கைகாட்டுகின்றன என்றால் சுற்றி வளைக்காமல் இதற்கே போவது நல்லது. எப்படியும் ஸ்டென்ட்டோ பைபாஸோ தேவைப்படும் ஒருவருக்கு முதலில் சி.டி. எடுப்பதில் பெரிய லாபம் இல்லை, சாயம்தான் இரண்டு முறை.

## சி.டி. ஆஞ்சியோகிராம்

முழங்கைச் சிரையில் ஊசி. 50 முதல் 100 மில்லி சாயம். சில நொடிகளில் படம். அளவைப் பார்த்தால் வடிகுழாய் ஆஞ்சியோவுக்கு இது குறைந்ததில்லை, சமயங்களில் கூடுதல்கூட. அப்படியும் மூளையைப் பொறுத்தவரை இதுதான் பாதுகாப்பு. சாயம் நீர்த்துப்போய்த்தான் மூளையை அடைகிறது, மகாதமனியை உரசக் குழாய் எதுவும் இல்லை. சிரை வழியாக ஏற்றிய பிறகும் மூளைப் பாதிப்பு வந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன, ஆனால் அவை கைவிரல் விட்டு எண்ணும் ரகம்.

2022-இல் வெளியான டிஸ்சார்ஜ் ஆய்வு இந்தக் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. நெஞ்சுவலியோடு ஆஞ்சியோவுக்கு அனுப்பப்பட்ட 3,561 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு சி.டி., மறு பாதிக்கு வடிகுழாய் ஆஞ்சியோ செய்தார்கள். செயல்முறையோடு தொடர்புடைய பெரிய சிக்கல்கள் சி.டி. பிரிவில் 0.5 சதவீதம், வடிகுழாய்ப் பிரிவில் 1.9 சதவீதம். பிற்பாடு மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் என்று பார்த்தால் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நடுத்தர அபாயம் உள்ளவர்களுக்கு சி.டி.யில் தொடங்கினால் எதையும் இழப்பதில்லை என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கும் மறைவான விலை உண்டு. நாளங்களில் சுண்ணம் நிறையப் படிந்திருந்தால் அது படத்தில் பூதாகரமாக விரிந்து, சின்ன அடைப்பையும் பெரிதாகக் காட்டும். 3 மில்லிமீட்டருக்கும் குறுகிய ஸ்டென்ட்டுக்குள் இருப்பது தெளிவாகத் தெரியாது. இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 60, 65-க்குள் இருந்தால்தான் படம் சுத்தமாக வரும் என்பதால் துடிப்பைக் குறைக்க மாத்திரை கொடுப்பார்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். படம் தெளிவில்லை என்றால் அப்புறம் வடிகுழாய் ஆஞ்சியோவும் செய்ய வேண்டி வரும். அப்படி வந்தால், அவசரம் இல்லாதபட்சத்தில், இரண்டுக்கும் நடுவே சில நாள் இடைவெளி விடச் சொல்லிக் கேளுங்கள்.

சி.டி.க்குப் போகுமுன் சாயமே இல்லாமல் சுண்ண அளவை மட்டும் பார்க்கும் ஸ்கேன் ஒன்று உண்டு. கதிர்வீச்சும் ஒரு மில்லிசீவர்ட் சுமார்தான். சுண்ணம் மிக அதிகம் என்று தெரிந்தால், தெளிவில்லாத சி.டி. ஆஞ்சியோவுக்காகச் சாயம் ஏற்றுவதை அங்கேயே நிறுத்திவிடலாம்.

## இதய எம்.ஆர்.ஐ.

இதில் அயோடின் இல்லை. கடோலினியம் சார்ந்த சாயம், அதுவும் பத்துப் பதினைந்து மில்லி போல. கதிர்வீச்சு கிடையாது. அதனால் எம்.ஆர்.ஐ. என்றாலே மூளைக்கு ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் சரிதான், ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

கடோலினியத்தின் சிறு அளவு மூளையில் தங்கிவிடுகிறது. பலமுறை ஏற்றிக்கொண்டவர்களின் மூளைப் படத்தில் சில பகுதிகள் வெளிறித் தெரிவதை 2014-இல் ஜப்பானிய மருத்துவர்கள் எடுத்துக்காட்டினார்கள். இப்படித் தங்குவதால் நரம்புக் கோளாறு எதுவும் வந்ததாக நிரூபணம் இல்லை. ஆனாலும் அதிகம் தங்கிவிடும் நேர்கோட்டு வகைச் (மூலக்கூறின் வடிவத்தை வைத்து வந்த பெயர்) சாயங்கள் பலவற்றை ஐரோப்பிய மருந்து முகமை 2017-இல் நிறுத்திவைத்தது. வளைய வகை மிகக் குறைவாகவே தங்குகிறது. எந்த வகை போடுகிறீர்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை.

மற்றொன்று சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். எண் 30-க்குக் கீழே இருப்பவர்களுக்குப் பழைய வகைக் கடோலினியத்தால் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் ஒரு கொடிய நோய் வந்தது. அந்தத் தொடர்பு 2006-இல் வெளிச்சத்துக்கு வந்த பிறகு வகையை மாற்றினார்கள், இப்போது அந்த நோய் அனேகமாக இல்லை. அப்படியும் சிறுநீரகம் பழுதானவர்கள் தானாகவே எம்.ஆர்.ஐ. பக்கம் சாய்ந்துவிடாமல், மருத்துவரிடம் பேசி முடிவெடுப்பது நல்லது.

எம்.ஆர்.ஐ. இதய நாளங்களைத் துல்லியமாகக் காட்டாது. தசைக்கு ரத்தம் போதுமான அளவு போகிறதா, பழைய மாரடைப்பின் தழும்பு எங்கே என்பதைத்தான் காட்டும். அதைக் காட்டுவதில் இதற்கு நிகர் இல்லை. 918 பேரை வைத்துச் செய்து 2019-இல் வெளியான எம்.ஆர்.-இன்ஃபார்ம் ஆய்வில், யாருக்கு ஸ்டென்ட் தேவை என்பதை எம்.ஆர்.ஐ. வைத்து முடிவு செய்தவர்கள், வடிகுழாயால் நாளத்துக்குள் அழுத்தம் அளந்து முடிவு செய்தவர்களைவிட எந்த வகையிலும் மோசமாகப் போகவில்லை. முக்கால் மணி நேரம் குறுகிய குழாய்க்குள் படுக்க வேண்டும், அடிக்கடி மூச்சை அடக்க வேண்டும், எல்லா பேஸ்மேக்கரும் ஒத்துவராது. இதையெல்லாம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

## ஐசோடோப் ஸ்கேன்

சாயம் இல்லை, குழாய் இல்லை. டெக்னீஷியம் போன்ற கதிரியக்கப் பொருள் கொஞ்சம் சிரையில் போகும், அவ்வளவுதான். சிறுநீரகத்துக்கு நிம்மதி. கதிர்வீச்சு சுமார் 10 மில்லிசீவர்ட் வரை வருவதுதான் பாரம். பெட் ஸ்கேன் வசதி இருந்தால் அது வெகுவாகக் குறையும்.

ஆனால் டிரெட்மில்லில் நடக்க முடியாதவர்களுக்கு நாளத்தை விரிக்க ஊசி போடுவார்கள், மூளைப் பயம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. ரெகடெனோசன் என்ற ஊசிக்குப் பிறகு வலிப்பு வந்ததுண்டு. அந்த மருந்தின் குறிப்பேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ஊசியின் விளைவை முறிக்க வழக்கமாகக் கொடுக்கும் அமினோஃபிலின், வலிப்பு வந்தவருக்கு நிலைமையை மோசமாக்கக்கூடும் என்பதால் கொடுக்கக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. வலிப்பு நோய் உள்ளவர், சாயத்துக்குப் பயந்து ஐசோடோப் ஸ்கேனுக்குப் போய் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டால், பயந்தது ஒன்று நடந்தது வேறாகிவிடும். இதே வேலைக்கான இன்னொரு ஊசியான அடினோசின் பத்து நொடிக்குள் பாதியாகக் கரைந்துவிடும் என்பதால் கட்டுப்படுத்துவது எளிது, ஆனால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. எம்.ஆர்.ஐ.யிலும் இதே ஊசிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். நடக்க முடிந்தவர்கள் ஐசோடோப் ஸ்கேனுக்கு நடந்தே செய்துகொள்வது எல்லா வகையிலும் மேல்.

## எக்கோவும் ஸ்ட்ரெஸ் எக்கோவும்

ஒலி அலைதான். கதிர்வீச்சு இல்லை, அயோடின் இல்லை. ஆளை ஓடவைத்தோ, இதயத்தைத் தூண்டும் டோபுடமின் மருந்து கொடுத்தோ, சுவரின் எந்தப் பகுதி சுருங்கத் தடுமாறுகிறது என்று பார்ப்பார்கள். படம் மங்கலாக இருந்தால் நுண்குமிழிச் சாயம் ஏற்றுவதுண்டு. அது வாயு நிரப்பிய குமிழி, சிறுநீரகத்தோடு சம்பந்தமே இல்லை. கடுமையான ஒவ்வாமை ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவருக்கு. குறை என்றால், செய்பவரின் கைத்திறமையைச் சார்ந்தது, பருமனானவர்களுக்கும் நுரையீரல் நோயாளிகளுக்கும் படம் சரியாக விழாது.

## ஒரே பார்வையில்

| சோதனை | என்ன ஏற்றுகிறார்கள் | மூளை, நரம்புக்கு | மறைவான விலை |
|---|---|---|---|
| வடிகுழாய் ஆஞ்சியோ | அயோடின், தமனி வழி | சாயப் பாதிப்பு அபூர்வம். குழாயால் பக்கவாதம் ஆயிரத்தில் ஒருவர் போல | துளையிட்ட இடத்தில் ரத்தக்கட்டு, கதிர்வீச்சு |
| சி.டி. ஆஞ்சியோ | அயோடின், சிரை வழி | மிக மிக அபூர்வம் | சுண்ணம் இருந்தால் மறு சோதனை, சாயம் இரு முறை |
| எம்.ஆர்.ஐ. | கடோலினியம், குறைந்த அளவு | சிறு அளவு தங்கும். தீங்கு நிரூபணமாகவில்லை | நாளம் தெளிவாகத் தெரியாது, நேரம் |
| ஐசோடோப் | கதிரியக்கப் பொருள் | ஊசியால் வலிப்பு, அபூர்வம் | கதிர்வீச்சு |
| ஸ்ட்ரெஸ் எக்கோ | எதுவுமில்லை, அல்லது நுண்குமிழி | பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு | படத் தெளிவு ஆளுக்கு ஆள் மாறும் |

## யாருக்கு எது?

நடுத்தர வயது, வலி இதயத்தால்தானா என்று சந்தேகம், முன்பு ஸ்டென்ட்டோ பைபாஸோ இல்லை, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. இவர்களுக்கு சி.டி. ஆஞ்சியோதான் முதல் தேர்வு. அடைப்பு இல்லை என்று அது சொன்னால் அநேகமாக அதோடு விஷயம் முடிந்தது.

வயது எழுபதைத் தாண்டியவர், சர்க்கரை நோய், கிரியேட்டினின் ஏறியிருக்கிறது (சிறுநீரகம் தளர்ந்ததன் அடையாளம்), பழைய பக்கவாதமும் உண்டு. அபாயம் எல்லாமே இவரிடம் குவிந்திருக்கிறது. ஸ்ட்ரெஸ் எக்கோவிலோ ஐசோடோப்பிலோ தொடங்குவது நல்லது. அவற்றில் பெரிய பாதிப்பு தெரிந்து, சிகிச்சை செய்யவும் தயாராக இருந்தால் மட்டும் வடிகுழாய். பக்கவாதம் சமீபத்தில்தான் வந்தது என்றால் ஆஞ்சியோவை எவ்வளவு தள்ளிப்போடலாம் என்பதை நரம்பியல் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும்.

பைபாஸ் செய்தவருக்கு மீண்டும் வலி வந்திருக்கிறது. இங்கே சி.டி.க்கு ஒரு தனி மரியாதை உண்டு. பொருத்திய நாளங்கள் பெரியவை, அதிகம் அசையாதவை என்பதால் சி.டி.யில் தெளிவாகத் தெரியும். எந்த நாளம் எங்கே பொருத்தப்பட்டது, எது அடைந்துபோனது என்று முன்பே தெரிந்துவிட்டால், வடிகுழாயை வைத்து ஒவ்வொன்றாகத் தேடிச் சாயத்தைக் கொட்ட வேண்டியதில்லை. 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, பைபாஸ் செய்த 688 பேரைப் பார்த்தது. முதலில் சி.டி. எடுத்துக்கொண்டவர்களுக்கு வடிகுழாய் ஆஞ்சியோ பாதி நேரத்தில் முடிந்தது, சிறுநீரகப் பாதிப்பும் வெகுவாகக் குறைந்தது. சாயம் இரு முறை போனாலும் லாபம்தான் என்று சொல்லக்கூடிய ஒரே கூட்டம் இவர்கள்.

வலிப்பு நோய் உள்ளவர் ரெகடெனோசனைத் தவிர்ப்பது நல்லது. நடந்து செய்யும் சோதனையோ சி.டி.யோ போதும்.

முன்பு ஒருமுறை சாயத்தால் மூளைப் பாதிப்பு வந்து தேறியவர்களுக்குத்தான் முடிவு கடினம். மறுபடி அயோடின் ஏற்றினால் மறுபடி வந்தவர்களும் உண்டு, ஒன்றும் ஆகாதவர்களும் உண்டு. சாயம் இல்லாத சோதனைகளைத் தீர்த்துவிட்டு, அவற்றில் பதில் கிடைக்காவிட்டால் மட்டும் அயோடினுக்கு வருவதே என் தேர்வாக இருக்கும். ஆனால் அவருக்கே நாளை மாரடைப்பு வந்தால், பழைய சம்பவத்தைக் காரணம் காட்டி ஆஞ்சியோவை மறுக்கக் கூடாது.

இடையில் ஒன்று: மீனும் இறாலும் ஒத்துக்கொள்ளாது, அதனால் அயோடின் சாயமும் ஒத்துக்கொள்ளாது என்று பலர் பயந்து ஆஞ்சியோவையே மறுக்கிறார்கள். அதில் உண்மை இல்லை. அந்த ஒவ்வாமைக்குக் காரணம் அவற்றில் உள்ள புரதம், அயோடின் இல்லை.

## வடிகுழாய்தான் என்று முடிவானால்

சாயத்தின் அளவைக் குறைக்க நம் பக்கத்திலிருந்தும் சில கேள்விகள் கேட்கலாம். எக்கோ ஏற்கெனவே எடுத்திருக்கிறதே, கீழறைக்குள் சாயம் ஏற்றி எடுக்கும் படம் அவசியமா? இது ஒன்றைத் தவிர்த்தாலே 30, 40 மில்லி மிச்சம், அதுவும் மூளைக்கு நேராகப் போகும் சாயம் மிச்சம். சிக்கலான ஸ்டென்ட் வேலை இருந்தால், அவசரமில்லாதபோது அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா? மொத்தச் சாயத்தின் மில்லி கணக்கு இ.ஜி.எஃப்.ஆர். எண்ணின் மூன்று மடங்கைத் தாண்டாமல் இருப்பது சிறுநீரகத்துக்கு நல்லது என்பது பலர் பின்பற்றும் கணக்கு. உங்கள் எண் 40 என்றால் 120 மில்லிக்குள்.

ரத்த அழுத்தம் எகிறியிருக்கும் நாளில் அவசரமில்லாத ஆஞ்சியோ செய்துகொள்ள வேண்டாம். மாத்திரையை அன்று காலை விடலாமா கூடாதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். பலர் வெறும் வயிறு என்று நினைத்து பி.பி. மாத்திரையையும் விட்டுவிடுகிறார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்கள் அதையும் கேட்க வேண்டும். மணிக்கட்டா தொடையா என்பதில், பக்கவாத அபாயம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான், ஆனால் மணிக்கட்டு வழியில் ரத்தப்போக்கு குறைவு.

## முடிந்த பிறகு, முதல் இரண்டு நாள்

கூட இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: பார்வை மங்குவது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு கை தூக்க முடியாமல் போவது, வலிப்பு, விடாத தலைவலி. இதில் எது வந்தாலும், "மயக்க மருந்தோட தூக்கம், சரியாப் போயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே மருத்துவக் குழுவிடம் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு என்றால் நேராக அவசரப் பிரிவுக்கு.

சாயத்தால் வந்ததா, பக்கவாதமா என்பதை வெளித்தோற்றத்தில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் பக்கவாதம் என்றே வைத்துக்கொண்டு ஓட வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. பெரிய நாளம் அடைத்திருந்தால் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சையைச் சிலருக்கு 24 மணி நேரம்வரைகூடச் செய்யலாம். ரத்தச் சர்க்கரையை முதலில் பார்ப்பார்கள், தலைக்கு சி.டி.யும் மூளை நாளங்களின் படமும் எடுப்பார்கள், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. பக்கவாதமும் ரத்தக்கசிவும் இல்லை என்று தீர்ந்த பிறகுதான் சாயத்தின் மேல் பழியைப் போடலாம். அப்படி உறுதியானால் சிகிச்சை எளிது: போதுமான திரவம், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது, வலிப்பு வந்தால் அதற்கு மருந்து, சிலருக்கு ஸ்டீராய்டு. சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்குச் சாயத்தை வெளியேற்ற டயாலிசிஸும் செய்திருக்கிறார்கள்.

வீட்டுக்குக் கிளம்புமுன் டிஸ்சார்ஜ் அட்டையில் மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள்: எந்தச் சாயம், எத்தனை மில்லி, ஏற்றிய எவ்வளவு நேரத்தில் என்ன அறிகுறி வந்தது. ஒன்றுமே வராதவர்களும் முதல் இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை சோதனையைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.